ஒரே ஊசி மூன்று முறை எதற்கு?

அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு என்று கோவையைச் சுற்றி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை காலையில் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மடியில் பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்முச்சி கேட்பார்: "ஏனுங் நர்சம்மா, போன மாசம் தொடையில போட்ட அதே ஊசிதானுங்களா இது? மறுக்காவும் எதுக்குங்க?" மருந்தை எடுத்துக்கொண்டே செவிலியர் சொல்வார்: "அதேதானுங்கம்மா. மூணும் போட்டாத்தானுங்க புடிக்கும்."

பதில் சரியானது. ஆனால் அம்முச்சியின் கேள்வி அதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஒரு மருந்து வேலை செய்யும் என்றால் முதல் தடவையே செய்யக்கூடாதா? அப்படியே மூன்று தடவை தேவை என்றாலும், ஒரே வாரத்தில் போட்டு முடிக்காமல் மாதம் ஒன்றாக ஏன் இழுக்க வேண்டும்? பிறந்து ஒன்றரை மாதமே ஆன, இன்னும் கழுத்துகூட நிற்காத குழந்தைக்கு இவ்வளவு அவசரம் என்ன?

ஊரில் ஒன்றரை மாச ஊசி, இரண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி என்பார்கள். தாய் சேய் நல அட்டையில் அவை 6, 10, 14 வாரங்கள் என்று இருக்கும். இடது தொடையில் போடும் அந்த ஊசியின் பெயர் பென்டாவேலன்ட். ஒரே மருந்துக்குள் ஐந்து நோய்களுக்கான தடுப்பு இருக்கிறது: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஐந்தாவதாக ஹிப். முதல் மூன்றும் அம்முச்சிக்கே தெரிந்த பெயர்கள். கடைசிப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இந்த அத்தியாயம் அந்த ஐந்தாவது பெயரைப் பற்றியது. மூளைக்காய்ச்சலைத் தடுப்பது அதுதான்.

தொண்டை, ரத்தம், சவ்வு

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய சவ்வுகள் சுற்றியிருக்கின்றன. அவற்றின் இடையே தெளிந்த நீர் போன்ற திரவம் ஓடுகிறது. பாக்டீரியா அந்த இடத்தில் புகுந்து பெருகினால் வருவது மூளைச்சவ்வு அழற்சி. ஊர்வழக்கில் இதையும் மூளைக்காய்ச்சல் என்பார்கள், வைரஸால் மூளையே வீங்கும் நோயையும் மூளைக்காய்ச்சல் என்பார்கள். இங்கே பேசப்போவது முதல் வகையைப் பற்றி மட்டும்.

பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் கழுத்து விறைக்கும், தலை வெடிப்பதுபோல் வலிக்கும். கைக்குழந்தையால் தலைவலி என்று சொல்ல முடியாது, கழுத்து விறைப்பும் பல சமயம் தெரியாது. காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வழக்கமில்லாத கீச்சுக்குரல் அழுகை, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, உச்சிக்குழி புடைத்து நிற்பது, வலிப்பு ஆகியவைதான் அடையாளங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது, சிலருக்கு வலிப்பு தொடர்கிறது, சிலருக்குப் படிப்பு ஏறுவதில்லை.

குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் முக்கிய பாக்டீரியாக்கள் மூன்று: ஹிப், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ். மூன்றும் சாதாரணமாக இருக்கும் இடம் மனிதரின் மூக்கும் தொண்டையும். இருமல், தும்மல், எச்சில் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், சில வாரங்கள் தங்கும், பெரும்பாலானவர்களிடம் எந்தத் தொல்லையும் தராமல் மறைந்துவிடும். ஏதோ ஒரு குழந்தையிடம் மட்டும் தொண்டைச் சுவரைத் தாண்டி ரத்தத்தில் இறங்குகிறது. ரத்தத்தில் பிழைத்துப் பெருகினால் மூளைச் சவ்வை எட்டுகிறது. சவ்வுக்குள் உடலின் காவல் மிகக் குறைவு. கிருமி அங்கே போய்விட்டால் மருத்துவமனை மருந்துதான் கதி. ஆகவே தடுப்பூசிக்கு வேலை செய்ய இடம் இருப்பது முதல் இரண்டு நிலைகளில் மட்டுமே: தொண்டையில், இல்லாவிட்டால் ரத்தத்தில்.

ஹிப் என்பது 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே டைப் பி' என்ற நீளப் பெயரின் சுருக்கம். 1892-ல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபைஃபர், ஃப்ளூ காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று தவறாக முடிவுகட்டியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ் என்பது பிறகு தெளிவானது. 1931-ல் அமெரிக்காவின் மார்கரெட் பிட்மன் இந்தக் கிருமியில் சிலவற்றின் மேல் சர்க்கரைப் பொருளாலான உறை இருப்பதையும், அந்த உறையில் ஆறு வகைகள் உண்டு என்பதையும் கண்டார். குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்குவது பெரும்பாலும் ஒரே வகை: பி.

இந்தியாவில் இந்த நோய் இருக்கிறதா என்ற சந்தேகமே நீண்ட காலம் இருந்தது. 1993 முதல் 1997 வரை, வேலூரும் சென்னையும் உட்பட ஆறு பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு பதில் தந்தது. சிக்கிய 125 ஹீமோஃபிலஸ் தொற்றுகளில் 108 ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் இருந்தன. ஹிப் மூளைச்சவ்வு அழற்சி வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒன்று இறந்தது. வேலூர் மாவட்டத்தில் செய்து 2008-ல் வெளியான இன்னொரு கணக்கு, ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் 7 பேருக்கு இந்த நோய் வருகிறது என்றது. ஒரு வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் லட்சத்துக்கு 32. நம் ஊரில் பல குழந்தைகளுக்கு மருத்துவமனைக்கு வருமுன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவதால் பரிசோதனையில் கிருமி வளராமல் போவது உண்டு. ஆகவே உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு.

நோய் ஏன் முதல் வயதிலேயே குவிகிறது? ஊசியின் அவசரத்துக்கான காரணம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தாய் கொடுத்த இருப்பு

1933-ல் பாஸ்டனில் ஃபாதர்கில், ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். வெவ்வேறு வயதினரின் ரத்தத்தை எடுத்து, அதில் இந்தக் கிருமியை விட்டு, ரத்தம் அதைக் கொல்கிறதா என்று பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் ரத்தம் கொன்றது. பெரியவர்களின் ரத்தமும் கொன்றது. ஏறத்தாழ இரண்டு மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் பெரும்பாலும் அந்த ஆற்றல் இல்லை. நோய் எந்த வயதில் அதிகம் என்று பார்த்தால் அதே இடைவெளி. ரத்தம் கைவிடும் வயதில் கிருமி தாக்குகிறது.

ரத்தத்தில் கிருமியைக் கொல்ல உதவும் பொருள், எதிர்ப்பொருள் எனப்படும் புரதம். ஆங்கில எழுத்து ஒய் வடிவில் இருக்கும். அதன் இரண்டு கைகளும் ஒரு குறிப்பிட்ட கிருமியின் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் பிடிக்கும். பிடித்த இடத்தில் ரத்தத்தின் வேறு புரதங்கள் வந்து கிருமியின் சுவரைத் துளைக்கும், அல்லது மண்ணீரலில் காத்திருக்கும் விழுங்கு செல்கள் அதை விழுங்கிவிடும். கருவில் இருக்கும்போது தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேர்கிறது. ஆனால் அது தானாகப் பெருகாத இருப்பு. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பிறந்து மூன்று மாதத்தில் பதினாறில் ஒரு பங்கு மிஞ்சும். குழந்தையின் உடல் தானாகவே ஹிப்புக்கு எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள், சில குழந்தைகளுக்கு ஆண்டுகள் ஆகும். ஒன்றரை மாதத்தில் ஊசியைத் தொடங்குவது, தாயின் இருப்பு தீர்வதற்குள் குழந்தையின் சொந்த உற்பத்தியைத் தொடங்கிவைக்கத்தான்.

சர்க்கரையைப் பார்க்கத் தெரியாத வயது

சரி, குழந்தையின் உடல் தானாக ஏன் கற்றுக்கொள்வதில்லை? கிருமியின் மேல் இருக்கும் அந்தச் சர்க்கரை உறைதான் காரணம். அது ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி. கூட்டுச்சர்க்கரை என்று சொல்லலாம். எதிர்ப்பொருள் செய்யும் செல்லுக்குப் பி செல் என்று பெயர். வளர்ந்தவர்களின் மண்ணீரலில், கூட்டுச்சர்க்கரையைக் கண்டால் யாருடைய துணையும் இல்லாமல் எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் இருக்கின்றன. இரண்டு வயது ஆகும்வரை மண்ணீரலின் அந்தப் பகுதி முழுதாக வளர்வதில்லை.

இதன் விளைவு 1974-ல் ஃபின்லாந்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஹிப் கிருமியின் உறையிலிருந்து சர்க்கரையை மட்டும் பிரித்து ஊசியாக்கி, சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் பங்குபெற்ற சோதனையில் பாதிப்பேருக்குப் போட்டார்கள். ஒன்றரை வயதைத் தாண்டியவர்களுக்கு நல்ல பாதுகாப்பு கிடைத்தது. அதற்குக் குறைந்தவர்களுக்கு ஏதும் கிடைக்கவில்லை. நோய் அதிகம் வரும் வயதில் வேலை செய்யாத ஊசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துணைக்கு ஒரு புரதம்

விடை ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1929-லேயே நியூயார்க்கில் ஏவரியும் கோபலும், தனியாக உடலைத் தூண்டாத ஒரு சர்க்கரையைப் புரதத்தோடு வேதிமுறையில் பிணைத்தால் உடல் அதற்கு எதிர்வினை காட்டுகிறது என்று கண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் அதை ஹிப்புக்குப் பயன்படுத்தின: ரேச்சல் ஷ்னீர்சன், ஜான் ராபின்ஸ் ஒரு பக்கம், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் மறுபக்கம். நால்வருக்கும் 1996-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. அப்படிப் பிணைத்துச் செய்யும் ஊசியை இணைப்புத் தடுப்பூசி என்போம். நம் பென்டாவேலன்டில் ஹிப்பின் சர்க்கரையோடு பிணைத்திருப்பது, நஞ்சு நீக்கிய ரண ஜன்னிப் புரதம்.

புரதம் சேர்ந்ததும் என்ன மாறுகிறது? பி செல்லைத் தூண்டி வளர்க்க டி செல் என்ற இன்னொரு செல்லின் ஒப்புதல் வேண்டும். டி செல் முழுப் பொருளையும் பார்ப்பதில்லை. ஈரோடு மஞ்சள் சந்தையில் வியாபாரி மூட்டை முழுவதையும் அவிழ்த்துப் பார்க்காமல், விவசாயி எடுத்து வைக்கும் சாம்பிளைப் பார்த்தே விலை சொல்கிறார். அதுபோல் பி செல் தான் விழுங்கிய பொருளை நறுக்கி ஒரு துண்டை வெளியே காட்டும், டி செல் அந்தத் துண்டைப் பார்த்து முடிவெடுக்கும். துண்டு புரதமாக இருந்தால்தான் டி செல்லுக்குப் பிடிபடும். வெறும் சர்க்கரையை விழுங்கிய பி செல்லிடம் காட்டத் துண்டு இல்லை. சர்க்கரையோடு ரண ஜன்னிப் புரதமும் ஒட்டியிருந்தால், சர்க்கரையைப் பிடித்த அதே பி செல் புரதத் துண்டைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடும். ஒப்புதல் வாங்கியபின் அந்தச் செல் செய்வது சர்க்கரையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். டி செல்லின் துணை ஒன்றரை மாதக் குழந்தைக்கே உண்டு. இரண்டு வயதுவரை காத்திருந்த திறமை இப்படி ஒன்றரை மாதத்திலேயே கிடைக்கிறது.

இந்த ஊசியில் உயிருள்ள ஹிப் கிருமி கிடையாது, செத்த கிருமியும் கிடையாது. அதனால் ஹிப் பகுதியிலிருந்து மூளைக்காய்ச்சல் வர வழியே இல்லை. ஊசி போட்ட அன்று இரவு வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அதே மருந்தில் இருக்கும் கக்குவான் பகுதி. ஓரிரு நாளில் அது இறங்கிவிடும்.

ஒரு குழந்தையின் கணக்கு

இப்போது ஒரு குழந்தையைப் பின்தொடர்வோம். அவிநாசியில் பிறந்த பெண் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம், இடது தொடையில் முதல் ஊசி. அதில் இருக்கும் ஹிப் சர்க்கரை சுமார் 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு. தொடைத் தசையில் காவல் பார்க்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் நெறி கட்டுமே, அதே இடம். அங்கே இருக்கும் கோடிக்கணக்கான பி செல்களில் இந்தச் சர்க்கரைக்குப் பொருந்தும் கைகள் உள்ளவை மிகச் சில. அவை சர்க்கரையைப் பிடித்து, டி செல்லின் ஒப்புதலோடு பெருகத் தொடங்குகின்றன. முதலில் வரும் எதிர்ப்பொருள் கொஞ்சம், அதன் பிடியும் தளர்வு. இந்த நிலையில் அளந்து பார்த்தால் பல குழந்தைகளின் ரத்தத்தில் ஏற்றமே அவ்வளவாகத் தெரியாது. ஒரு ஊசி போதாது என்பதன் பொருள் இதுதான்.

ஆனால் நிணநீர் முடிச்சுக்குள் வேலை நின்றுவிடவில்லை. பெருகும் பி செல்கள் கூடி ஒரு சிறு திரளாகின்றன. முளை மையம் என்று பெயர். அங்கே ஒவ்வொரு முறை பிரியும்போதும் எதிர்ப்பொருளுக்கான மரபுக்குறிப்பில் சின்னச் சின்ன மாற்றங்கள் விழுகின்றன. மாற்றத்தால் பிடி இறுகிய செல்லுக்குத் தொடர்ந்து வாழ அனுமதி கிடைக்கிறது. பிடி தளர்ந்தவை மடிகின்றன. பல தலைமுறை இப்படிக் கழிந்து நல்ல பிடியுள்ள செல்கள் தேறி வர வாரக்கணக்கில் ஆகும். அவற்றில் ஒரு பகுதி நினைவுச் செல்களாக ஒதுங்கி, அடுத்த முறை அதே சர்க்கரை வந்தால் விழித்தெழக் காத்திருக்கும்.

பத்தாவது வாரத்தில் இரண்டாம் ஊசி வரும்போது உள்ளே இருப்பது முதல்முறை இருந்த பழகாத செல்கள் இல்லை, தேறிய நினைவுச் செல்கள். அவை வேகமாகப் பெருகிக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஒரு பகுதி மீண்டும் முளை மையத்துக்குப் போய் இன்னும் இறுகுகின்றன. பதினான்காவது வாரத்தில் மூன்றாம் ஊசி அதற்கு மேல் இன்னொரு படி. இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் விடச் சொல்வது இந்தத் தேர்வு முடியத்தான். ஒரு வாரத்தில் மூன்றையும் போட்டிருந்தால், தேறாத செல்களுக்கே மூன்று முறை மருந்து கொடுத்ததாகும்.

எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தால் போதும்? ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் 0.15 மைக்ரோகிராம் இருந்தால் அந்த நேரத்துக்குப் பாதுகாப்பு, ஊசி முடிந்த ஒரு மாதத்தில் 1 மைக்ரோகிராமைத் தாண்டினால் நீண்ட காலப் பாதுகாப்புக்கு அடையாளம் என்று ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். நம் குழந்தையின் எடை இப்போது 6 கிலோ என்றால் அவள் உடலில் ஓடும் ரத்தம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதில் ரத்த நீர் சுமார் 300 மில்லி. 0.15 என்ற எல்லைக்குத் தேவையான மொத்த எதிர்ப்பொருள் வெறும் 45 மைக்ரோகிராம். மூன்று ஊசியும் முடித்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

தாண்டியது நிலைக்குமா? எதிர்ப்பொருள் மூன்று வாரத்தில் பாதியாகும் என்று பார்த்தோம். பதினான்காவது வாரத்தில் உற்பத்தி அடியோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். முதல் பிறந்தநாள் வருவதற்குள் அது பன்னிரண்டு முறை பாதியாகியிருக்கும். நாலாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனால் உண்மையில் பல குழந்தைகளிடம் அந்த வயதிலும் அளக்கக்கூடிய எதிர்ப்பொருள் இருக்கிறது. அப்படியானால் எங்கோ ஓர் உற்பத்தி நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. முளை மையத்தில் தேறிய செல்களில் சில, பிளாஸ்மா செல்களாக மாறி மஜ்ஜையில் குடியேறி, கிருமியே வராவிட்டாலும் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், கைக்குழந்தையின் மஜ்ஜை இந்தச் செல்களை நீண்ட நாள் வாழவைக்கும் அளவுக்கு முதிரவில்லை. குடியேறியவற்றில் பல சில மாதங்களில் மடிந்துவிடுகின்றன. அதனால் அளவு மெல்ல இறங்குகிறது. ஒரு வயதை ஒட்டியும் அதைத் தாண்டியும் போடும் ஊசிக்கு உருவாகும் பிளாஸ்மா செல்கள் நிலைத்து நிற்கின்றன. பூஸ்டர் என்பதன் உண்மையான வேலை இதுதான்: வளர்ந்த மஜ்ஜையில் புதுக் குடிகளை ஏற்றுவது.

நினைவு மட்டும் போதாது

எதிர்ப்பொருள் குறைந்தால் என்ன, நினைவுச் செல்கள் இருக்கின்றனவே என்று தோன்றும். ஒரு காலத்தில் நிபுணர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பிரிட்டன் 1992-ல் ஹிப் ஊசியை 2, 3, 4 மாதங்களில் போடத் தொடங்கியது, பூஸ்டர் வைக்கவில்லை. நோய் சடசடவென்று குறைந்தது. 1999-லிருந்து மறுபடி ஏறத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் பயன்படுத்திய கூட்டு ஊசி ஒன்று ஹிப்புக்குச் சற்று வலுக்குறைவாக இருந்ததும், முன்பு பெரிய குழந்தைகளுக்கும் சேர்த்துப் போட்ட ஊசியின் பயன் மங்கியதும் காரணங்கள். மூன்று ஊசியும் போட்டிருந்தும் நோய் வந்த குழந்தைகளைப் பரிசோதித்தபோது, அவர்களிடம் நினைவுச் செல்கள் இருந்ததும், அவை விழித்து எதிர்ப்பொருளைக் கூட்டியதும் தெரிந்தது. ஆனால் விழித்தது தாமதமாக. நினைவுச் செல் பெருகிப் போதிய எதிர்ப்பொருளை ரத்தத்தில் சேர்க்க நான்கைந்து நாளாவது ஆகும். தொண்டையிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து சவ்வுக்கும் போக இந்தக் கிருமிகளுக்குச் சில நாட்களே போதும்.

பல நோய்களில் நினைவு கைகொடுக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்குள் பெருக வாரங்கள், மாதங்கள் எடுக்கும், அதற்குள் நினைவுச் செல்கள் வேலையை முடித்துவிடும். மூளைச்சவ்வு நோயில் அந்த அவகாசம் கிடையாது. கிருமி ரத்தத்தில் இறங்கும் அந்த நிமிடத்தில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே அங்கே இருந்தாக வேண்டும். பிரிட்டன் 2003-ல் சிறு குழந்தைகளுக்குக் கூடுதல் ஊசி இயக்கம் நடத்தியது, 2006-ல் 12 மாதத்தில் நிரந்தரமாகப் பூஸ்டர் சேர்த்தது. நோய் மறுபடி அடங்கியது. மெனிங்கோகாக்கஸ் சி ஊசியிலும் அவர்களுக்கு இதே பாடம்தான் கிடைத்தது: கைக்குழந்தையில் போட்டதன் பலன் ஓராண்டில் பெருமளவு மங்கியது.

அக்கம்பக்கத்துத் தொண்டைகள்

அப்படியானால் பூஸ்டர் இல்லாத நாடுகள் எல்லாம் தோற்றனவா? இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா 1997-ல் பூஸ்டர் இல்லாமலே ஊசியைத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே ஒரு வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் 200-க்கு மேற்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் ஹிப் மூளைச்சவ்வு அழற்சி வந்துகொண்டிருந்தது. 2002-ல் கண்காணிப்பில் ஒன்றுகூட இல்லை. தொண்டையில் ஹிப் வைத்திருந்த குழந்தைகள் 12 சதவீதத்திலிருந்து 0.25 சதவீதமாகக் குறைந்ததும் தெரியவந்தது.

இணைப்புத் தடுப்பூசியின் பெரிய வரம் அந்த இரண்டாவது எண்தான். ரத்தத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு இருந்தால் அதில் கொஞ்சம் தொண்டைச் சளிச்சவ்வுக்கும் கசிந்து, கிருமி அங்கே குடியேறுவதையே தடுக்கிறது. குடியேறாத கிருமி இன்னொருவருக்குப் பரவாது. ஊசி போடும் வயதே வராத ஒரு மாதக் குழந்தையும், எதிர்ப்பொருள் மங்கிப்போன இரண்டு வயதுக் குழந்தையும்கூடச் சுற்றியுள்ளவர்களால் காக்கப்படுகிறார்கள். கூட்டுப் பாதுகாப்பு என்று இதற்குப் பெயர். ஊசி போட்டவர்கள் போதிய அளவு இல்லாவிட்டால் இது நடக்காது.

இந்தியாவில் முதன்முதலாகப் பென்டாவேலன்டை அரசுத் திட்டத்தில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். ஆண்டு 2011, டிசம்பர். நம் அரசு அட்டவணையில் ஹிப்புக்குப் பூஸ்டர் இல்லை. 16 மாதத்துக்கு மேல் போடும் முத்தடுப்பு பூஸ்டரில் ஹிப் சேர்வதில்லை. நோயின் பெரும்பகுதி முதல் வயதிலேயே வரும் நாடுகளுக்கு இது உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் முறைதான். இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒன்றரை வயதில் ஹிப் பூஸ்டரையும் பரிந்துரைக்கிறது, தனியார் மருத்துவமனைகளில் போடுகிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன்: ஊரில் கிருமி சுற்றும்வரை அதை அவ்வப்போது சந்திப்பதே குழந்தைகளுக்கு இலவச பூஸ்டராக இருந்தது. தடுப்பூசி வெற்றி பெறப் பெற அந்தச் சந்திப்பும் குறைகிறது. இரண்டாம் வயதுக் குழந்தைகளில் ஹிப் தலைகாட்டுகிறதா என்று மருத்துவமனைகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். தலைகாட்டினால் பூஸ்டரை அரசே எல்லாக் குழந்தைகளுக்கும் தர வேண்டும். வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பூஸ்டரால் கூட்டுப் பாதுகாப்பு வராது.

கொங்கு நாட்டில் இந்தக் கூட்டுப் பாதுகாப்பில் ஓட்டை விழக்கூடிய இடங்கள் தெரிந்தவைதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் நெருக்கமாக வாழ்கின்றன. குழந்தை சொந்த ஊரில் பிறந்து, முதல் ஊசியை அங்கே போட்டு, அட்டையை அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும். யாரும் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் மீதி ஊசி விட்டுப்போகும். அந்தக் குழந்தையின் தொண்டையில் கிருமி தங்கினால் பாதிப்பு அந்த வரிசையோடு நிற்காது. உள்ளூர்க் குடும்பங்களிலும் இதே ஓட்டை வேறு வழியில் விழுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ கணவன் வீடு திரும்புகிறாள். மூன்றரை மாச ஊசி தள்ளிப்போவது பெரும்பாலும் அந்த இடமாற்றத்தில்தான்.

வலது தொடையும் இடது தோளும்

இதே இணைப்பு முறையில் செய்ததுதான் வலது தொடையில் போடும் நிமோகாக்கல் ஊசி. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், பிறகு ஒன்பது மாதத்தில் பூஸ்டர். மூன்றாவதை ஏன் ஒன்பது மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள் என்பது இப்போது உங்களுக்கே புரியும். ஹிப் அடங்கியபின் குழந்தைகளின் மூளைச்சவ்வு அழற்சியில் பெரும்பங்கு இந்த நிமோகாக்கஸுக்குத்தான் என்பதைச் சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து பார்த்த மருத்துவமனைக் கண்காணிப்பு காட்டியிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட வகை நிமோகாக்கஸ் உண்டு, ஊசியில் இருப்பது அதிகம் தாக்கும் சில வகைகளின் சர்க்கரை மட்டும். அதனால் ஒன்பது மாத ஊசி போட்ட குழந்தைக்கும் மேலே சொன்ன அடையாளங்கள் தெரிந்தால் மருத்துவமனைக்கு ஓடத்தான் வேண்டும்.

மெனிங்கோகாக்கஸ் ஊசி நம் அரசு அட்டவணையில் இல்லை. ஹஜ் போகிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளைப் பல தலைமுறையாக வாட்டிய மெனிங்கோகாக்கஸ் ஏ வகையை அடக்கிய ஊசி, புனேயின் சீரம் நிறுவனத்தில் செய்தது. சர்க்கரையோடு ரண ஜன்னிப் புரதம், அதே சூத்திரம். 2010-ல் புர்கினா ஃபாசோவில் தொடங்கினார்கள். 2017-க்குப் பிறகு அந்தப் பகுதியில் ஏ வகை நோய் உறுதியாகவில்லை.

பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி.யும் ஒரு மூளைச்சவ்வு ஊசிதான் என்பது பலருக்குத் தெரியாது. காசநோய்க் கிருமி மூளைச் சவ்வில் பரவும் கொடிய வடிவத்திலிருந்து அது குழந்தைகளைப் பெருமளவு காக்கிறது. சென்னை கிண்டியில் 1948 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுப்பதில்லை என்று காட்டிய பெரிய ஆய்வும் நம் செங்கல்பட்டில் நடந்ததுதான். பி.சி.ஜி. வேலை செய்யும் வழி முற்றிலும் வேறு. அங்கே எதிர்ப்பொருளுக்கு முக்கியப் பங்கு இல்லை, டி செல்களே நேரடியாக நின்று கிருமியைப் பரவவிடாமல் அடைக்கின்றன. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

தேதி தவறினால்

காய்ச்சலாலோ பயணத்தாலோ ஒரு தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முளை மையத்தில் தேறிய நினைவுச் செல்கள் காத்திருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் காத்திருக்கும் அந்த வாரங்களில் ரத்தத்தில் போதிய எதிர்ப்பொருள் இருக்காது, கிருமிக்கு வழி திறந்திருக்கும். லேசான சளி, இருமல் இருந்தாலும் ஊசி போடலாம், அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்ற இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். தாய்வீட்டிலிருந்து வரும்போது அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். பக்கத்து லைன் வீட்டில் வேற்று மாநிலத்திலிருந்து வந்த கைக்குழந்தை இருந்தால் அவர்களுக்குப் புதன்கிழமையைச் சொல்லி, சுகாதார நிலையத்துக்கு வழி காட்டுங்கள். எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும் ஊசி இலவசம்.